கடமை முடிந்த பிறகும் இருபது வருஷம்

கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 56 வயதில் ஓய்வு. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால், அதே பாடத்தை அதே தமிழில் நடத்துகிறவருக்கு 60. இரண்டு பேரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொள்கிறவர்கள். ஒருவர் பென்ஷன் வாங்கி நாலு வருஷம் கழித்துத்தான் மற்றவர் சாக்பீஸைக் கீழே வைக்கிறார். கேரளத்தில் 2012 வரைக்கும் அது 55 ஆகவே இருந்தது. 2013 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 60. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்ததை 2020-இல் 59 ஆக்கி, அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள்.

நான் கேரளப் பக்கத்துக்காரி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து, ஒரு மே 31-ஆம் தேதி ஓய்வு பெற்றவள். இங்கே ஏராளமான அரசு ஊழியர்களுக்கு அதுதான் கடைசி வேலை நாள். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரவேண்டும் என்று மே மாதத்தில் ஒரு பிறந்த தேதியைச் சொல்லிச் சேர்த்துவிட்ட தலைமுறை நாங்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே நாளில் ஆபீஸ் ஆபீஸாகக் காலியாகும். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “இனி என்னங்க டீச்சர், கடமையெல்லாம் முடிஞ்சுது. சும்மா ராணி மாதிரி உக்காந்திருங்க.”

எங்கள் பக்கம் ஐம்பதைத் தாண்டிய எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இளையவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை ஆயிற்று, வீட்டுக் கடனை அடைத்தாயிற்று. கடமை முடிஞ்சுது. இப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வடகரப்பதி, எருத்தேம்பதி மாதிரி மழை மறைவில் கிடக்கிற பஞ்சாயத்துகளில், ஆழியாற்றுத் தண்ணீர் இந்தப் போகத்துக்கு வருமா வராதா என்று பார்த்துப் பார்த்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் அவர்கள். அப்பாடா என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் உடம்பின் கணக்கு அங்கே முடிவதில்லை. கேரளத்தில் சராசரி ஆயுள் 75-ஐ ஒட்டி நிற்கிறது. ஐம்பத்தைந்தைத் தொட்டவருக்கு இன்னும் இருபது வருஷமாவது மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருபது வருஷத்தை எந்த உடம்போடு கழிக்கப் போகிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை நோய் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. நாலு பேரில் ஒருவர். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல படிப்பு, நீண்ட ஆயுள் எல்லாம் இருக்கிற ஊரில் இந்த நிலைமை.

என்னோடு ஓய்வு பெற்றவர்களில் ஒரு மாஷ் இருக்கிறார். கணக்கு வாத்தியார். வேலையில் இருந்த காலமெல்லாம் சைக்கிளில்தான் வருவார், வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஓய்வுக்குப் பிறகு காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டிவி என்று ஆகிவிட்டது. அடுத்து வந்த மழைக்காலத்துக்குள்ளேயே சுகர் ஏறிவிட்டது. காலில் எரிச்சல் என்றார். டாக்டர் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். மாஷின் மனைவி என்னிடம் வந்து புலம்பினார். “டீச்சர், நீங்க சொன்னா கேப்பாருங்க, நடக்கவே மாட்டேங்கறாரு.” போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

“நடந்து எங்க போறதுங்க டீச்சர்?”

அந்தக் கேள்வி என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் சோம்பேறி இல்லை. நடக்கத் தெரியாதவரும் இல்லை. போய்ச் சேர்வதற்கு ஓர் இடம் இருந்தவரை அவர் உடம்பு தானாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது உடம்புக்காக மட்டும் நடக்கச் சொல்கிறோம். தன் உடம்பைத் தவிர வேறு காரணமே இல்லாமல் ஒருவர் தினமும் எழுந்து நடக்கவேண்டும் என்பது எவ்வளவு கடினமான கட்டளை என்று அதற்கு முன் நான் யோசித்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தில் நடந்திருக்கிற ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நடுவயதில் மனதுக்கு ஒரு நோக்கம் இருப்பதற்கும் உடம்பு நன்றாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா என்பதை முப்பது வருஷமாகப் பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1995 வாக்கில் தொடங்கி, நடுவயதுக்காரர்களையே முக்கியமாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து வருகிறது. கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் அமைத்த கேள்விகளிலிருந்து அதில் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். குறிக்கோள் இல்லாமல் அலைகிறவர்களில் நான் ஒருத்தி இல்லை என்பது ஒன்று. அன்றன்றைக்கு வாழ்கிறேன், வருங்காலத்தைப் பற்றி யோசிப்பதில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்: வாழ்க்கையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதுபோல் சில சமயம் தோன்றுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதேதான். நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்வதை அங்கே நோக்கம் குறைந்ததற்கு அடையாளமாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 வருஷம் தொடர்ந்து பார்த்து, பேட்ரிக் ஹில், நிக்கோலஸ் டுரியானோ என்ற இருவர் 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். நோக்கம் உண்டு என்றவர்கள் அந்தக் காலத்தில் குறைவாக இறந்திருந்தார்கள். இளையவர், நடுவயதுக்காரர், முதியவர் எல்லோரிடமும் இதே போக்குதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வேலையில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்பது இந்தத் தொடர்பை மாற்றவில்லை. அப்படியானால் சம்பளமும் ஆபீசும் போவதோடு இது போயாக வேண்டியதில்லை.

ஜப்பானில் இதைவிட எளிமையாகக் கேட்டிருக்கிறார்கள். ஓசாகி என்ற பகுதியில் 40 முதல் 79 வயது வரை 43,391 பேரிடம், உங்கள் வாழ்க்கையில் பிடிப்பு இருக்கிறதா என்கிற பொருளில் ஒரே ஒரு கேள்வி. ஏழு வருஷத்தில் 3,048 பேர் இறந்துபோனார்கள். இல்லை என்று சொன்னவர்களுக்கு, உண்டு என்று சொன்னவர்களைவிட இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட மரணங்களில் வித்தியாசம் தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை. அந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு நம்பிக்கை தந்தது. மனசு நன்றாக இருந்தால் எந்த நோயும் அண்டாது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. இந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

சரி, மனதில் இருக்கிற ஒன்று எந்த வழியாக உடம்புக்குள் போகிறது? மன அழுத்தம், அதனால் சுரக்கிற ஹார்மோன்கள், ரத்தக்குழாயில் வருகிற அழற்சி என்று விஞ்ஞானிகள் பல வழிகளைச் சொல்கிறார்கள், அவற்றில் பலவற்றில் இன்னும் விவாதம் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வழி ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்த அக்கா ஒருவர். வயது அறுபதை நெருங்குகிறது. வீட்டில் நாலு பசு. சித்தூர்ப் பக்கம் பால் அதிகம், ஊருக்கு ஊர் பால் சங்கம் உண்டு. விடியுமுன் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போய் ஊற்றிவிட்டு வருவார். அவருக்கும் பிரஷர் உண்டு. ஆனால் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை, குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் மாசா மாசம் போய்ப் பார்த்துக்கொள்வார். எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எனக்குத் தல சுத்தி உழுந்துட்டா பசுவ யாருங்க கறக்கறது? அதுக கத்துமுங்களே.”

அவ்வளவுதான். அவர் மாத்திரை சாப்பிடுவது பசுவுக்காக.

அமெரிக்காவில் எரிக் கிம் என்பவரும் மற்றவர்களும் 50 வயதைத் தாண்டிய ஏழாயிரம் பேரை வைத்து இதையே வேறு விதத்தில் காட்டியிருக்கிறார்கள். 2014-இல் வந்த ஆய்வு. நோக்க உணர்வு கூடக்கூட, கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்வது, பெண்கள் மார்பகப் பரிசோதனை செய்துகொள்வது, ஆண்கள் புராஸ்டேட் பரிசோதனைக்குப் போவது எல்லாம் கூடுகிறது. நோக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ஆறு படி அளவில் ஒரு படி ஏறினால், ஆஸ்பத்திரியில் படுத்த இரவுகள் 17 சதவீதம் குறைவு. உடம்பு வேறொன்றுக்குத் தேவைப்படுகிறபோது ஆட்கள் அதைப் பராமரிக்கிறார்கள். எத்தனையோ ஆரோக்கியக் கட்டுரைகள் படித்திருக்கிறேன், எதிலும் இந்த வரிசையில் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் உடம்பைச் சரிசெய், அப்புறம் எதையாவது செய்யலாம் என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பால் கறந்த கையால் என் கையைப் பிடித்தால் எனக்கு வலிக்கும். 17 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, 35 முதல் 70 வயது வரையுள்ள சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பிடியில் ஐந்து கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 சதவீதம் கூடுகிறது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடிதான் மரணத்தை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷர் பார்க்கிறார்கள், கையைப் பிடித்துப் பார்க்க யாரும் இல்லை. 2017-இல் அதே எரிக் கிம் குழு, நோக்க உணர்வு அதிகமுள்ளவர்களுக்கு நாலு வருஷத்தில் நடை மந்தமாவது குறைவு என்று காட்டியது. கைப்பிடியிலும் அதே போக்கு இருந்தது, ஆனால் சற்றுப் பலவீனமாக.

நடுவயதில் தசை கரைந்துகொண்டே போகிறது. சும்மா உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துச் செலவழிப்பது தசைதான். அதனால் உட்காருவதும் சுகர் ஏறுவதும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். தேங்காய் உரிக்கிறவர், புல்லுக்கட்டுத் தூக்குகிறவர், தொழிலுறப்பு என்கிற ஊரக வேலை உறுதித் திட்டத்துக்குப் போய் வரப்பு வெட்டுகிறவர், இவர்களுக்கு ஜிம் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தான் நோக்கம் இருக்கும், நோய் வந்தவருக்கு நோக்கம் வற்றும், நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள் என்று யாராவது சொன்னால்? நியாயமான கேள்விதான். காசு இருப்பவருக்கு நோக்கமும் எளிது, மருந்தும் எளிது. ஆய்வாளர்கள் வருமானம், படிப்பு, ஏற்கெனவே இருக்கும் நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்க்கிறார்கள், கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சுகிறது. இருந்தாலும் கழித்துப் பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபணத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனது பால்டிமோர் நகரத்தில் நடந்த ஒரு சோதனை. அறுபது வயதைத் தாண்டியவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க அனுப்பினார்கள். அவர்களில் பெண்களின் அன்றாட நடை காலப்போக்கில் கூடியது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. யாரும் அவர்களை நடக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போனார்கள், அவ்வளவே.

என் மனதில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. என் நாத்தனாருக்கு 49 வயது. மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, பிறகு மாடு, பிறகு தொழிலுறப்பு, ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மாதவிடாய் நிற்கிற காலம், உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் வரும், முட்டி வலி வேறு. ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் அவளிடம், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருந்தால் முட்டி வலியெல்லாம் போய்விடும் என்று சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

அவளுக்கு நோக்கம் குறைவில்லை. தூக்கம்தான் குறைவு. வயதான தம்பதிகளில் துணையைப் பராமரிக்கிறவர்களை வைத்து 1999-இல் வந்த ஓர் ஆய்வில், பராமரிப்பால் மனமும் உடம்பும் நொந்தவர்கள் நாலு வருஷத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பராமரித்தும் நோகாதவர்களுக்கு அந்த அபாயம் இல்லை. ஒரு வேலை நமக்குத் தெம்பு தருகிறதா, நம்மைத் தின்கிறதா என்பது அந்த வேலையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஊரில் நடுவயதுப் பெண்களிடம் நோக்கம் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ராத்திரி ஒரு தடவை எழுந்திருக்க அந்த வீட்டு ஆண் தயாரா என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் கேரளம் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய டாக்டர்கள் பாலியேட்டிவ் எனப்படும் வலி நிவாரணச் சிகிச்சைக்கு ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். சில வருஷங்களில் அது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தது. மலப்புறம் பக்கம் ஊர் மக்களே தொண்டர்களாகப் பயிற்சி எடுத்து, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. இப்போது பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார், ஜீப் வரும், ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வருவார், வார்டு மெம்பர் வருவார், கூடவே தொண்டர்கள்.

அந்தத் தொண்டர்களில் ஒருத்தியாக நானும் போகிறேன். நாங்கள் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. டியூப் மாற்றுவது, புண் கட்டுவதெல்லாம் நர்ஸின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏன் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவந்தால் என்ன அர்த்தம், ஏர் பெட் எங்கே கிடைக்கும் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வோம். பென்ஷன் பாரம் நிரப்பிக் கொடுப்போம். மலையாளத்தில் இருக்கிற மருந்துச் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்வது பெரும்பாலும் என் பங்கு. சில வீடுகளில் ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் வேலந்தாவளம் சந்தை எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

என்னோடு வருகிறவர்கள் எல்லோரும் நாற்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் இருப்பவர்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவில் இருந்து வந்த இரண்டு பேர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், கணவரை இழந்த ஒரு அக்கா. இந்த அக்காவுக்கு முன்பு தூக்க மாத்திரை இல்லாமல் தூக்கம் வராது. இப்போது வீட்டு விசிட் இருக்கிற நாள் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன் என்கிறார். மற்ற நாட்களில் மாத்திரை இன்னும் வேண்டியிருக்கிறது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன், கூட்டிச் சொல்ல விருப்பமில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த வேலையை வாரத்தில் தினமும் செய்தால் யாரும் தாங்க மாட்டார்கள். முறை வைத்துப் போகிறோம். முடியாதவர் முடியாது என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். என் நாத்தனார் வீட்டுக்கும் எங்கள் குழு போகிறது. நாங்கள் இருக்கிற நேரத்தில் அவள் பின்கட்டுக்குப் போய்ப் பாயை விரித்துத் தூங்குவாள்.

ஹரித கர்ம சேனைப் பெண்களைப் பற்றியும் இங்கே யோசித்துப் பார்ப்பேன். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்கி மூட்டை கட்டித் தூக்குகிறவர்கள். ஊரைச் சுத்தமாக வைக்கிறோம் என்ற பெருமிதம் அவர்கள் பேச்சில் உண்டு. முதுகு வலியும் உண்டு. மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்க மூக்கால் அழுகிற வீடுகள் உண்டு. கூலியும் மரியாதையும் கொடுக்காமல், உங்களுக்கு மனநிறைவு இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம்.

கணக்கு மாஷ் விஷயத்துக்கு வருகிறேன். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற கேரளப் பணியாளர் தேர்வாணையத்தின் (பிஎஸ்சி) தேர்வில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் கேள்வித்தாள் உண்டு. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அதற்குத் தயார் செய்ய ஆள் இல்லை. கணக்கு என்றாலே பயப்படுவார்கள். வாயனசாலையில், அதாவது ஊர்ப் படிப்பகத்தில், நாலைந்து பையன்கள் தாங்களாகவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் மாஷிடமே படித்தவன். அவன் போய், “மாஷ், சதவீதக் கணக்கு மட்டும் ஒரு தடவ சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டிருக்கிறான். நான் சொல்லி நடக்காதது அந்தப் பையன் கேட்டதும் நடந்தது. இப்போது சாயங்காலமானால் மாஷ் வாயனசாலைக்குப் போகிறார். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று ஆளையே தள்ளுகிற நாளிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் நிற்கவில்லை. கால் எரிச்சல் முழுக்கப் போய்விடவும் இல்லை. ஆனால் இன்சுலினை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார், செருப்பில்லாமல் தெருவில் இறங்குவதில்லை, கண் பரிசோதனைக்குத் தானாகவே பாலக்காடு போய் வந்தார். போர்டில் எழுதியது தனக்கே மங்கலாகத் தெரிந்ததுதான் காரணம்.

இதில் யார் தொடங்கினார்கள் என்று பாருங்கள். அவர் தன் நோக்கத்தை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவன் வந்து கேட்டான். நோக்கம் உள்ளுக்குள் இருந்து முளைக்கும், தியானம் பண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் ஊரில் நான் பார்த்தவரை, அது வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறது. நாளைக்கு இத்தனை மணிக்கு நீ வரவில்லை என்றால் ஒரு ஆளோ ஒரு மாடோ ஒரு குழந்தையோ உன்னைத் தேடும் என்கிற நிலைமைதான் அது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மனிதரும் சுருங்கிப் போகிறார்.

அதனால்தான் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள், பெற்றவர்கள் மேல் வைத்த பாசத்தால் சொல்கிற முதல் வார்த்தை, “இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.” மாட்டை விற்கச் சொல்கிறார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விடச் சொல்கிறார்கள். அம்மா சமையல்கட்டுக்குள் போனால் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருகிறார்கள். பாடுபட்டவர்களுக்கு ஓய்வு கொடுக்க நினைப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். கொடுங்கள். கூலிக்கு மாரடித்த வேலையை, முதுகை ஒடிக்கிற சுமையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களை எதிர்பார்த்து நிற்கிற எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

சமையல்கார அக்காவின் மகன் ஓணத்துக்கு வந்தபோது இந்தச் சண்டை நடந்தது. நாலு பசுவையும் விற்றே ஆகவேண்டும் என்று நின்றான். அம்மா பேசவே இல்லை, தொழுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் அவனிடம், அம்மாவின் பிரஷர் நோட்டை எடுத்துப் பார் என்றேன். புரட்டிப் பார்த்தான். பல வருஷமாக ஒரு மாசம்கூட விடுபடாமல் எழுதியிருந்தது. அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இரண்டு பசுவைக் கொடுத்துவிடுவது, இரண்டை வைத்துக்கொள்வது. கேன் தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாசம் ஏதாவது கொடுப்பது. தீவனம் வெட்ட ஒரு சின்ன மிஷின் வாங்குவது. மிஷினுக்குக் காசு அவன் கொடுக்கிறான். எந்த இரண்டை விற்பது என்பதில் மட்டும் அம்மாவுக்கும் மகனுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.